சிறுநீர்ப்பையின் உணர்ச்சி நரம்புகளைச் சோதிக்கும் முறைகள்

கை மரத்துப்போனால் அதனை உடையவர் அன்றே அறிவார். பார்வை மங்கினாலும் செவியில் ஒலி குன்றினாலும் சில நாட்களிலாவது அறிவார். உடலினுள் மறைந்திருக்கும் உறுப்பொன்று தன் உணர்ச்சியை இழக்கும்போது அவ்விழப்பை எடுத்துரைக்க வேறு புலன் இல்லை. சிறுநீர்ப்பை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் தசையை இயக்கும் நரம்பு பழுதுற்றால் சிறுநீர் வெளிவராது; அல்லது அடங்காது ஒழுகும். நோயாளி உடனே முறையிடுவார். அதன் உணர்ச்சி நரம்பு பழுதுற்றாலோ அவர் முறையிடுவதற்கு ஒன்றுமே இராது. முன்பு நாளொன்றுக்கு ஆறு முறை எழுந்து சென்றவர் இப்பொழுது இரண்டு முறையே செல்கின்றார். தமக்கு நலம் கூடிவிட்டதாகவும் அவர் எண்ணக்கூடும். உள்ளே சிறுநீர்ப்பை தன் அளவைக் கடந்து விரிந்துகொண்டிருக்கும்.

இவ்வாறு பல்லாண்டுகள் விரிந்த தசை நாளடைவில் சுருங்கும் வலிமையை இழக்கின்றது. ஒவ்வொரு முறையும் ஓரளவு சிறுநீர் உள்ளேயே தங்கிவிடுகின்றது. தங்கிய நீரில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களைத் தாக்குவதும் உண்டு. நீண்ட நாள் நீரிழிவுற்றோரிடம் காணப்படும் இந்நிலையை டென்மார்க் நாட்டு மருத்துவர் பிரிமோட்-மெல்லர் 1970-களில் விரிவாக ஆராய்ந்தார். 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுற்றோர் ஏறத்தாழ 10.1 கோடியினர் என மதிப்பிட்டது. அவர்கள் அனைவரும் சிறுநீர்ப்பையின் உணர்ச்சியை இழப்பர் என்பதன்று. இழந்தவரை இழக்காதவரினின்றும் பிரித்தறியும் முறை வேண்டும் என்பதே இதனால் பெறப்படுவதாகும்.

அழுத்தத்தை அளக்கலாம், கொள்ளளவை அளக்கலாம். உணர்ச்சியை நேரே அளக்கும் மானி எதுவும் இல்லை. அது நோயாளியின் உள்ளத்தில் நிகழ்வது. ஆதலின் இத்துறையின் சோதனைகள் யாவும் இரு வழிகளுள் ஒன்றைப் பற்றிச் செல்கின்றன. ஒன்று, தூண்டுதலை அளந்து கொடுத்து நோயாளியின் சொல்லைக் கேட்பது. மற்றொன்று, அவருடைய சொல்லை நாடாமல், உணர்ச்சி நரம்பு விளைவிக்கும் ஏதேனும் ஒரு மறிவினையைக் கண்டு அந்நரம்பு உயிரோடிருப்பதை ஊகிப்பது. மூளையின் ஏவலின்றித் தண்டுவடமே நடத்தும் செயலை மறிவினை என்பர்.

செய்தி செல்லும் வழிகள்

சிறுநீர்ப்பையினின்றும் புறப்படும் உணர்ச்சி இழைகள் மூன்று நரம்புகளின் வழியே தண்டுவடத்தை அடைகின்றன. இடுப்பறை நரம்பு இவற்றுள் தலையாயது. அது இரண்டாம், மூன்றாம், நான்காம் திரிக நரம்பு வேர்களின் வழியே உட்புகுகின்றது. கீழ்வயிற்று நரம்பு மார்புப் பகுதியின் இறுதியிலும் இடுப்புப் பகுதியின் தொடக்கத்திலும் உள்ள வேர்களை நாடுகின்றது. சிறுநீர் வெளியேறும் புறவழியின் உணர்ச்சியும், அதனைச் சூழ்ந்த சுருக்குத் தசையின் உணர்ச்சியும் பெரும்பாலும் புடெண்டல் நரம்பின் வழியே செல்கின்றன. இதுவும் திரிக வேர்களையே சேர்வது.

இந்நரம்புகளில் இருவகை இழைகள் உள. மெல்லிய கொழுப்புறை பெற்ற ஏ-டெல்டா இழைகள் பையின் சுவர் விரிவதை உணர்த்துகின்றன. அன்றாடம் தோன்றும் சிறுநீர் உந்துதல் இவற்றின் பணியே. உறையற்ற சி இழைகள் இவற்றினும் நுண்ணியவை. செய்தியை மெதுவாகச் செலுத்துபவை. இவற்றுட் பல நலமான நிலையில் வாளா இருக்கும். பையில் அழற்சி நேர்ந்தாலும், குளிரோ எரிச்சலூட்டும் வேதிப்பொருளோ பட்டாலும் இவை விழித்தெழும். தண்டுவடம் துண்டிக்கப்பட்டவரிடத்தில் இந்த உறங்கும் இழைகளே மேலோங்கி நின்று, அவருடைய விருப்பமின்றிப் பையைச் சுருங்கச் செய்கின்றன. இரு இழைகளையும் தனித்தனியே தூண்டத் தெரிந்தால் பழுது எவ்விடத்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பின்னர்க் கூறப்படும் சோதனைகள் பலவற்றின் அடிப்படை இதுவேயாகும்.

சுவர் விரிவதை நரம்பு எங்ஙனம் அறிகின்றது என்பது நெடுநாள் தெளிவாகாதிருந்தது. பையின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் தோல் வெறும் நீர்காப்பு உறையன்று என்பது இப்பொழுது அறியப்பட்டுள்ளது. அது விரியும்போது ஏ.டி.பி. என்னும் பொருளைச் சுரந்து, அருகிலுள்ள நரம்பு நுனிகளைத் தூண்டுகின்றது. மேலும், இழுவிசையை உணரும் பீசோ-2 என்னும் புரதம் இவ்வுறையிலும் நரம்பிலும் அமைந்திருப்பதை 2020-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மரபுக் குறையால் அப்புரதம் செயலற்றுப் பிறந்த மனிதர்களையும் ஆய்வாளர் வினவினர். அவர்களுட் பலர் நாள் முழுவதும் உந்துதலின்றி இருக்கவல்லவர்; நேரம் வகுத்துக்கொண்டே சிறுநீர் கழித்து வந்தனர். இயற்கையே செய்து காட்டிய சோதனை என்று இதனைக் கொள்ளலாம்.

தண்டுவடத்தினுள்ளும் வழிகள் பிரிகின்றன. தாங்கவொண்ணாத வலியுற்ற நோயாளிகளுக்குத் தண்டுவடத்தின் முன்பக்கப் பகுதியை வெட்டி வலியகற்றும் அறுவை முறை முன்னர் வழக்கிலிருந்தது. அவ்வாறு வெட்டப்பட்டவர்களைச் சோதித்து, நேதன், சுமித் என்னும் ஆங்கில மருத்துவர் இருவர் 1951-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பை நிறைந்த உணர்வும் அதன் வலியும் வெப்பநிலை உணர்வும் தண்டுவடத்தின் முன்பக்க வழியில் மேலேறுகின்றன. புறவழியில் நீர் பாய்வதை அறியும் தொடுவுணர்வோ பின்பக்க வழியில் செல்கின்றது என்பது அவர்கள் கண்டது. எனவே சிறுநீர்ப்பையின் உணர்ச்சி என ஒரே சொல்லால் குறிக்கப்படுவது உண்மையில் ஒன்றன்று. ஒருவர் நிறைவை உணர்ந்தும், நீர் செல்வதை உணராதிருக்கலாம். இதன் மறுதலையும் நிகழலாம்.

இவ்விடத்தில் சிறுநீரகத்தையும், அதனைப் பையோடு இணைக்கும் குழாயையும் பற்றி ஒரு சொல். இவற்றிற்குத் தொடுவுணர்ச்சி இல்லை. விரைந்து விரிவதொன்றே வலியாக உணரப்படும். கல் அடைத்தவருக்கு விலாவில் தொடங்கிய வலி கவட்டிற்கு இறங்குவது, இவ்வுறுப்பின் நரம்பும் அத்தோலின் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே பகுதியைச் சேர்வதனாலாகும். மெல்ல மெல்ல விரியும் சிறுநீரகம் வலியே இன்றிக் கெடுவதும் உண்டு. மேற்பகுதியின் நரம்புகளைத் தனியே சோதிக்கும் முறை மருத்துவமனை வழக்கில் இல்லை. சோதனைகள் எல்லாம் பையையும் புறவழியையும் பற்றியனவே.

ஊசியும் பஞ்சும்

விலையுயர்ந்த கருவிகளை நாடுமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உள. அவை எளியவை என்பதால் இகழத்தக்கவையல்ல.

முதலாவது, குறிப்பேடு. மூன்று நாட்கள் சிறுநீர் கழித்த நேரத்தையும் ஒவ்வொரு முறையும் வெளியேறிய அளவையும், அப்பொழுது உந்துதல் எவ்வளவு இருந்தது என்பதையும் நோயாளியே எழுதி வருவார். அளவுக் கோடிட்ட ஒரு குவளை இதற்குப் போதும். ஒரு முறைக்கு 700 மி.லி., 800 மி.லி. எனக் கழித்தும் அதற்கு முன் உந்துதல் ஏதும் தோன்றவில்லையென எழுதியிருப்பின், உணர்ச்சி குன்றியிருத்தல் ஏறக்குறைய உறுதி. கழித்த பின்னர் உள்ளே தங்கியதைக் கேளா ஒலிக் கருவியால் அளந்துகொள்ளலாம்.

இரண்டாவது, தோல் சோதனை. திரிக வேர்கள் பைக்கு மட்டும் உரியன அல்ல. குதிரைச் சேணத்தில் அமரும்போது படியும் உடற்பகுதி, அதாவது மலவாயைச் சூழ்ந்த தோலும் பிறப்புறுப்பின் தோலும், அவ்வேர்களினின்றே உணர்ச்சி பெறுகின்றது. அங்கே பஞ்சு நுனியால் தொட்டும் ஊசியால் மெல்லக் குத்தியும், இருபுறமும் ஒப்பிட்டு வினவவேண்டும். தோல் மரத்திருந்தால் பையின் நரம்பும் ஐயத்திற்குரியதாகும். மலவாயின் சுருக்குத் தசை விரலைப் பற்றும் வலிமையும், பிறப்புறுப்பைத் தூண்டும்போது அத்தசை சுருங்கும் மறிவினையும் உடன் நோக்கப்படும். இம்மறிவினை நலமுள்ள பெண்கள் சிலரிடத்தில் கைக்குத் தென்படாமற் போவதுண்டு. ஆகையால் அது இல்லாமை மட்டுமே நோய்க்குச் சான்றாகாது.

முதுகெலும்பின் இடைவட்டு திடீரெனப் பிதுங்கி, குதிரைவால் போன்று தொங்கும் நரம்புத் தொகுதியை நசுக்கும்போது இவ்வெளிய சோதனைகளே நோயாளியின் எதிர்காலத்தை உறுதி செய்கின்றன. இடுப்பு வலியோடு வந்தவர், “காலையிலிருந்து நீர் முட்டவே இல்லை” என்று கூறினால் அதனை ஓய்வின் பயன் எனக் கொள்ளலாகாது. அவருக்குக் குழாய் இடப்பட்டிருந்தால், பையினுள் ஊதப்பட்ட அதன் குமிழைக் கழுத்துப் பகுதியில் படுமாறு மெல்ல இழுத்துப் பார்க்கலாம். இழுப்பை அவர் உணர்ந்தால் பையின் அடிப்பகுதியிலிருந்து செல்லும் நரம்பு இன்னும் அறுபடவில்லை. உணராவிடில் அறுவை மருத்துவரை அழைப்பதில் ஒரு நாழிகையும் தாழ்க்கலாகாது. சில மணி நேரம் பிந்தினால் போன உணர்ச்சி மீளாமலே போகலாம்.

நிரப்பி அறிதல்

பையை அளவறிந்து நிரப்பி அதன் அழுத்தத்தைக் குறிக்கும் முறை நீண்ட வரலாறு உடையது. இத்தாலியரான மோசோவும் பெல்லக்கானியும் 1882-இல் வெளியிட்ட ஆய்வில், தோலைத் தொடுதலும் பேச்சொலி கேட்டலும்கூடச் சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்வதைப் பதிவு செய்தனர். அமெரிக்காவில் ரோஸ் என்பவர் 1927-இல் சிஸ்டோமீட்டர் என்னும் கருவியை அறிமுகப்படுத்தினார். டென்னி-பிரௌன், ராபர்ட்சன் இருவரும் 1933-இல் மனிதரிடத்தில் நிகழ்த்திய அளவீடுகள் இத்துறைக்கு அடிப்படையாயின.

இன்றைய முறை பின்வருமாறு. மெல்லிய கதீட்டர் ஒன்று பையினுள்ளும் மற்றொன்று மலக்குடலினுள்ளும் செலுத்தப்படும். முன்னதில் காணும் அழுத்தத்தினின்றும் பின்னதில் காணும் வயிற்றறை அழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவது பைத் தசையின் சொந்த அழுத்தமாகும். இருமலும் முக்கலும் இவ்வகையில் நீக்கப்படுகின்றன. பின்னர் உடல் வெப்பமுள்ள உப்புநீர் மெல்ல உட்செலுத்தப்படும். நோயாளி விழித்திருந்து, தாம் உணர்வதை அவ்வப்போது சொல்லவேண்டும். அவர் சொல்லும் கணத்தில் உட்சென்றிருந்த அளவு குறித்துக்கொள்ளப்படும்.

குறிக்கத்தக்க படிகள் மூன்று. பை நிறைவதை முதன்முதல் அறிதல் ஒன்று. வாய்ப்பான நேரத்தில் கழிக்கலாம், ஆயினும் அவசரமில்லை என்னும் முதல் விருப்பம் இரண்டாவது. ஒழுகிவிடும் என்ற அச்சமின்றியே விடாது தோன்றும் கடும் விருப்பம் மூன்றாவது. பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் விண்டேல் 1998-இல் நலமுள்ள இளைஞர் 38 பேரை ஆராய்ந்தபோது இம்மூன்றும் மாறாத ஒழுங்கில் தோன்றக் கண்டார். அளவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். பொதுவாக முதல் உணர்வு 100 முதல் 200 மி.லி. வரையிலும், கடும் விருப்பம் 400 மி.லி. அளவிலும் எதிர்பார்க்கப்படும். உலகச் சிறுநீரடக்கக் கழகம் 2002-இல் வெளியிட்ட வரையறைகளின்படி, உணர்ச்சியானது இயல்பானது, மிகைப்பட்டது, குன்றியது, அற்றது என்றும், பை நிறைவதை வயிறு உப்புதல், வியர்த்தல் போன்ற வேறு குறிகளால் மட்டும் அறிவது என்றும் வகுத்துரைக்கப்படும்.

இச்சோதனை பார்வைக்கு எளிது. வழுவுக்கு இடமும் மிகுதி. விரைந்து நிரப்பினால் உணர்வு முற்பட்டுத் தோன்றும். உடல் எடையைக் கிலோகிராமில் கொண்டு நான்கால் வகுத்தால் வருவதே, நிமிடத்திற்கு இயற்கையாகச் சுரக்கத்தக்க மேலெல்லை எனக் கொள்வர். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 15 மி.லி. ஆகின்றது. பரபரப்புள்ள சோதனைச் சாலையில் நேரம் கருதி இதற்கு மேல் நிரப்புதல் பெருவழக்கு. குழாயே புறவழியை உறுத்தி, பொய்யான உந்துதலைத் தருவதும் உண்டு. அயலார் முன்னிலையில் உடையகற்றிக் கிடப்பவர் வெட்கத்தால் எல்லாவற்றிற்கும் “ஆம்” என்றோ “இல்லை” என்றோ கூறி விரைவில் தப்ப விரும்புவார். “இப்பொழுது உந்துதல் இருக்கிறதா?” என ஓயாமல் வினவினால், வினாவே உணர்வைப் பிறப்பித்துவிடும். ஆதலின் எதனை எப்பொழுது சொல்லவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டுப் பின் வாளா இருப்பதே நன்று.

மொழியும் இங்கே ஒரு கருவி என்பதை மறக்கலாகாது. நூல்களில் காணும் சொற்களை அப்படியே மொழிபெயர்த்து வினவினால் நோயாளிக்குப் பொருள் விளங்காது. தமிழ் பேசுவோர் ‘நீர் முட்டுகிறது’ என்பது நிறைவின் உந்துதலை. ‘நீர்க்கடுப்பு’ என்பதோ எரிச்சலோடு கூடிய வலி. அது சி இழைகளின் குரலாகும். ‘அடக்க முடியவில்லை’ என்பது அவசரத்தையும் குறிக்கும், ஒழுகுதலையும் குறிக்கும். வினவுவோர் இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் கேளாவிடில், கருவி எவ்வளவு நுண்ணியதாயினும் ஏட்டில் ஏறுவது பிழையே.

குளிர்நீர்ச் சோதனை

நோயாளியின் சொல்லைச் சாராத சோதனைகளுள் இது சிறப்புடையது. அமெரிக்காவில் லாங் பீச் நகரில் முன்னாள் படைவீரருக்கான மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்றோரைப் பேணிய எர்னெஸ்ட் போர்ஸ் என்பவரும் பிளின் என்பவரும் 1957-இல் இதனை விளக்கினர். இன்றைய வழக்கில் ஏறத்தாழ 4° செ. வரை குளிர்விக்கப்பட்ட தூயநீர் 100 மி.லி. அளவில் பையினுள் விரைவாகச் செலுத்தப்படும். ஒரு நிமிடத்திற்குள் பை தானாகச் சுருங்கி நீரைப் பீச்சித் தள்ளினால் சோதனை நேர்விடை தந்ததாகும். விரிவினால் அன்றிக் குளிரினாலேயே அது நிகழ்ந்தது என்பதை உறுதி செய்யும் பொருட்டு, முன்னதாக அதே அளவு வெதுநீரைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம்.

நலமுள்ள முதிர்ந்தோர் குளிர்ச்சியை உணர்வர், பை சுருங்காது. மூளை அந்த மறிவினையை அடக்கி வைத்திருப்பதே காரணம். குழந்தைகளிடத்தில் இவ்வடக்குதல் முதிர்வதற்கு நான்கு வயதளவு ஆகின்றது. அதுவரை அவர்களிடமும் நேர்விடை காணப்படும். ஆகவே இம்மறிவினை நோயினால் புதிதாகத் தோன்றுவதன்று. இளமையில் இருந்து, பின் அடங்கி, தண்டுவடம் துண்டிக்கப்படும்போது மீண்டும் தலைதூக்குவதாகும். பூனைகளில் ஆராய்ந்த சுவீடன் நாட்டினர், குளிரை அறியும் உறையற்ற இழைகளே இதனைத் தூண்டுகின்றன என்பதையும், புதினாவின் மென்தால் சேர்த்தால் அவ்வளவு குளிராத நீரும் அதே விளைவைத் தரும் என்பதையும் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினர். குளிரையும் மென்தாலையும் ஒரே புரதமே உணர்கின்றது என்பது 2002-இல் வெளிப்பட்டபோது இதற்குரிய விளக்கமும் கிடைத்தது.

இதன் பயன் எத்தகையது என்பதை ஒரு நிலையால் விளக்கலாம். பனையிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து மார்பும் இடுப்பும் சேருமிடத்தில் முதுகெலும்பு முறிந்த ஒருவரைக் கொள்க. தண்டுவடம் முதல் இடுப்பெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுவதால், பைக்குரிய திரிகப் பகுதி சரியாக அம்முறிவினருகே அமைந்திருக்கும். அப்பகுதி பிழைத்து அதற்கு மேலுள்ள வழி மட்டும் அறுந்ததா, அன்றி அப்பகுதியே அழிந்ததா? முன்னதாயின் பை மிகுந்த அழுத்தத்தோடு தானே சுருங்கும். சிறுநீரகத்திற்குக் கேடு அணுகும். மருந்தால் அதனைத் தளர்த்தவேண்டும். பின்னதாயின் பை தளர்ந்து கிடக்கும். தளர்த்தும் மருந்து வீணாகும். நோயாளி இரு நிலையிலும் ஒன்றும் உணரார். குளிர்நீர் முன்னதில் சுருக்கத்தை எழுப்பும், பின்னதில் எழுப்பாது. ஆனால் காயமுற்ற முதற் சில வாரங்களில் தண்டுவடம் அதிர்ச்சியால் செயலற்றிருக்குமாதலின் அக்காலத்து எதிர்விடைக்கு மதிப்பில்லை. சுருக்குத் தசை இறுகியிருந்து நீர் வெளியேறாதபோதும் சோதனை பொய்யாகத் தோன்றும். நீரை மட்டும் நோக்காமல் அழுத்தமானியையும் நோக்குவது இதனாலாகும்.

மிளகாய்ச் சத்து

மிளகாயின் காரத்திற்குக் காரணமான கேப்சைசினுக்கு அப்பெயரை இட்டவர் திரெஷ் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1876. நாவில் எரிவது போன்றே அது சிறுநீர்ப்பையிலும் எரியும். இத்தாலியில் மாஜியும் அவர் குழுவினரும் 1989-இல் மிக நீர்த்த கேப்சைசின் கரைசலை மனிதரின் பையினுள் செலுத்தியபோது, உந்துதல் முற்பட்டுத் தோன்றியது, எரிச்சலும் உணரப்பட்டது. சி இழைகள் உயிரோடுள்ளன என்பதற்கு இது சான்று. எரிச்சலை உணரும் அப்புரதம் 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினரால் கண்டறியப்பட்டது. அவருக்கும், பீசோ புரதங்களைக் கண்ட ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

காரம் மிகுந்தால் நரம்பு களைத்து உணர்விழக்கும். இதனை மருந்தாகவே பயன்படுத்தித் தண்டுவட நோயாளிகளின் அடங்காப் பையைத் தணித்ததை 1992-இல் இலண்டனில் பௌலர் குழுவினர் அறிவித்தனர். எரிச்சல் தாளாமையால் அம்முறை பரவவில்லை. பொட்டுலினம் ஊசி இன்று அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

பொட்டாசியம் குளோரைடு கரைசலை உட்செலுத்தி வலி தோன்றுகின்றதா எனக் காணும் முறையும் நெடுநாள் பை வலியுற்றோரிடத்தில் கையாளப்பட்டதுண்டு. வலியால் வருந்துவோருக்கு மேலும் வலி தருவதன்றி நோயை உறுதியாகக் காட்டாமையின் அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. நரம்பிழந்த தசை மருந்துக்கு மிகையாகத் துடிக்கும் என்ற விதியைக் கொண்டு லபிடிஸ் 1962-இல் வகுத்த பெத்தனிகால் ஊசிச் சோதனையும் அத்தகையதே.

மின்னோட்டம்

பை நிறைதலை அளவிடும்போது சுவரின் தளர்ச்சியும் இறுக்கமும் இடையே புகுந்து முடிவைக் குழப்புகின்றன. கொள்ளளவு மிகுந்தது நரம்பின் குறையாலா, தளர்ந்த சுவராலா என்பது விளங்காது. மின்னோட்டத்தால் தூண்டினால் இவ்விடர் இல்லை. பிரிமோட்-மெல்லர் 1972-இல் இம்முறையை அளவீட்டு முறையாக ஆக்கினார். கதீட்டரின் நுனியில் பதித்த மின்வாய் பையின் சுவரையோ புறவழியையோ தொட்டிருக்க, குறுகிய மின்துடிப்புகள் படிப்படியாக மிகுக்கப்படும். நோயாளி முதன்முதல் உணரும் மின்னளவே உணர்ச்சி வாயில் எனக் குறிக்கப்படும். புறவழியில் அது தாழ்ந்தும் பையில் உயர்ந்தும் இருக்கும். நீரிழிவு நரம்பு நோயுற்றோரிடத்தில் பை வாயில் மேலும் உயர்கின்றது.

வெவ்வேறு அதிர்வெண்ணுள்ள மின்னோட்டம் வெவ்வேறு இழைகளைத் தூண்டும் என்னும் கருத்தில், வினாடிக்கு 2000, 250, 5 அதிர்வுகள் கொண்டு தடித்த, நடுத்தர, மெல்லிய இழைகளைப் பிரித்தறியும் கருவிகளும் செய்யப்பட்டுள்ளன. இப்பகுப்பு கருத்தளவில் கவர்ச்சியானது. பையினுள் அத்துணைத் தூய்மையாக நிகழ்கின்றதா என்பது வேறு. மின்வாய் சுவரோடு ஒட்டியிராவிடில் மின்னோட்டம் சிறுநீரிலேயே பரவிவிடும். ஆய்வுக்கூடங்களில் மதிப்புப் பெற்ற அளவிற்கு மருத்துவமனைகளில் இம்முறை இடம் பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிறப்புறுப்பின் தோல் நரம்பை மின்னால் தூண்டி, உச்சந்தலையில் ஏறத்தாழ 40 மில்லிவினாடியில் தோன்றும் மூளையலையைப் பதிவு செய்வதும் உண்டு. நோயாளி பேசாவிடினும், மறைத்தாலும், இவ்வலை பொய் கூறாது. எனினும் இது தடித்த இழைகளின் பாதையை மட்டுமே காட்டுவது. பையின் உணர்ச்சியோ மெல்லிய இழைகளின் பணி. மூளையலை செம்மையாக இருப்பதைக் கொண்டு பையின் நரம்பும் செம்மையாக உள்ளதெனச் சான்றளித்தல் பொருந்தாது. மூளையில் உந்துதல் பதியும் இடங்களை ஒளிப்பட முறைகளால் காணும் ஆய்வுகள் 1990-களிலிருந்து வளர்ந்து வருகின்றன. அவை நோயறியும் சோதனைகளாக இன்னும் ஆகவில்லை.

சோதனையில் நேரும் இடர்

மார்புப் பகுதியின் ஆறாம் கண்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் துண்டிக்கப்பட்டவருக்குப் பையை நிரப்புவதே உயிருக்கு இடராகலாம். பையினின்றும் வரும் செய்தி மூளைக்குச் செல்ல வழியின்றி, தண்டுவடத்திலேயே பரவி, குருதிக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றது. அதனைத் தணிக்க மூளை விடுக்கும் ஆணை கீழிறங்க இயலாது. குருதியழுத்தம் கடுகி ஏறும், தலை வெடிப்பது போல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், நாடி தளரும். பை நிறைந்தது என்று கூறவியலாத நோயாளி, ‘தலை வலிக்கிறது’ என்று கூறுவதே அவருடைய சிறுநீர்ப்பையின் மொழி. குளிர்நீர்ச் சோதனையில் இவ்விடர் இன்னும் கூடுதலாகும். அத்தகையோருக்குச் சோதனை முழுவதும் குருதியழுத்தத்தை அளந்துகொண்டே இருத்தல் வேண்டும். ஏறத் தொடங்கியதும் நிரப்புதலை நிறுத்தி, பையை வடித்து, அவரை நிமிர்த்தி அமர்த்தவேண்டும்.

சோதனைக்குப் பின்

இழந்த உணர்ச்சியை மீட்கும் மருந்து இல்லாவிடில் சோதிப்பதால் யாது பயன் என்னும் வினா எழுதல் இயல்பு. உணர்ச்சி போனாலும் சிறுநீரகத்தைக் காக்க இயலும் என்பதே அதற்கு விடை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1966-இல் நிறுவப்பட்ட மறுவாழ்வு நிலையத்தின் வரலாறு இத்தொடர்பில் குறிப்பிடத்தக்கது. அதற்கு வித்திட்ட மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் தாமே தண்டுவடம் காயமுற்று, சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றியவர். தண்டுவடக் காயமுற்றோரின் உயிரைக் குடித்துவந்த கேடுகளுள் சிறுநீரகப் பழுது அக்காலத்தில் முதன்மையான இடம் பெற்றிருந்தது.

நிலை மாறியதற்குப் பெருங்காரணம் லபிடிஸ் 1972-இல் வெளியிட்ட எளிய முறையாகும். குழாயை நிலையாக உள்ளே விட்டுவைக்காமல், நோயாளியே தூய்மையான கையால் நாளில் பலமுறை செலுத்தி, வடித்து, எடுத்துவிடுவதே அது. நுண்ணுயிர் முற்றிலும் நீங்கிய கருவி வேண்டுவதில்லை, தூய்மை போதும் என அவர் கூறியதைத் தொடக்கத்தில் பலர் ஏற்கவில்லை. பை அளவுமீறி விரிந்து அதன் குருதியோட்டம் குன்றுவதே தொற்றுக்கு வழிவகுக்கின்றது என்னும் அவருடைய கருத்து பின்னர் வலுப்பெற்றது.

சுருங்கும் வலிமை எஞ்சியுள்ள நீரிழிவு நோயாளிக்கு இதுவும் வேண்டுவதில்லை. உந்துதலுக்குக் காத்திராமல், மூன்று அல்லது நான்கு மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கழித்து, சிறிது நேரம் சென்றபின் மீண்டும் ஒருமுறை முயலுமாறு அவருக்குக் கூறப்படும். எஞ்சிய நீர் மிகுந்தவர்களுக்கே கதீட்டர் கற்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் வடித்த அளவு குறிப்பேட்டில் எழுதப்படும். அது 500 மி.லி.க்கு மேற்படுமாயின் இடைவெளி ஒரு மணி நேரம் குறைக்கப்படும்.